ஊதிக் கட்டிய கவர்

புன்னைத்துறையில் சலேத்மேரி மோப்பக்கம்போடு தெருவில் இறங்கினால், ஒளித்து வைக்க ஒன்றும் இல்லாதவர்கள்கூட ஒரு தடவை மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். பார்ப்பதற்கு அது சாதாரணக் கம்புதான். நுனியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழ். கிட்டத்தில் பாலித்தீன் இருந்தால் கீச்சென்று கத்தும். அரிசிப் பானைக்குள் வைத்தாலும் கத்தும், முழங்கை ஆழத்துக்கு மண்ணில் புதைத்தாலும் கத்தும். கம்பு கெட்டுப்போனால்கூடச் சலேத்து விடமாட்டாள், அவளே மோந்து பிடித்துவிடுவாள் என்று ஊரில் கேலி.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கி எறியும் மக்காத பிளாஸ்டிக்கை விற்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது, இது எத்தனையாவது சட்டம் என்று சிரித்தவர்கள்தான் அதிகம். அதற்கு முன்னால் வந்த சட்டங்களுக்கெல்லாம் கடைக்காரர்கள் ஒரே ஒரு மரியாதைதான் செய்தார்கள். கவரை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தார்கள். இந்த முறை அது நடக்கவில்லை. மகளிர் குழுக்களின் கையில் கம்பு கொடுத்தார்கள். புன்னைத்துறைக் குழுவுக்குத் தலைவி சலேத்மேரி.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அவள் புருஷன் இன்னாசியின் வலையில் மீனைவிடக் கவர் அதிகமாக ஏறிய வருஷம் ஒன்று உண்டு. கவருக்குள் சிக்கி அழுகிய சாளை மீனைக் கரையில் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துப் போட்டபோது அவள் வாய்விட்டு அழுதாள். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் அது.

கம்பு போகாத இடம் ஒன்றே ஒன்றுதான், வள்ளம். பெண்கள் வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அந்தத் துறையின் வழக்கம். பிளாஸ்டிக் சட்டத்துக்கெல்லாம் மூத்த சட்டம் அது, எந்தச் சட்டசபையாலும் திருத்த முடியாதது. சலேத்மேரியும் அதை மீறியதில்லை. மணலோடு நின்றுகொள்வாள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அப்போது விதிவிலக்கு இருந்தது. கைபேசியையும் வயர்லெஸ் கருவியையும் நனையாமல் வைக்க அவர்கள் கறுப்புக் கவர் வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கவரைப் போட்டு, பொருளை உள்ளே வைத்து, வாயால் ஊதி உப்ப வைத்து முடிச்சுப் போடுவார்கள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். சலேத்மேரிக்கு அதுவும் பொறுக்கவில்லை. தலைவி புருஷனே கவரோடு போனால் ஊர் என்ன பேசும்? ஒரு நாள் கரையில் எல்லோர் முன்னாலும் இன்னாசியின் பையிலிருந்து கவரை உருவியெடுத்து, அதற்குப் பதில் தங்கள் குழு தைக்கும் சோளப்பையைத் திணித்தாள். சோள மாவில் செய்த பை, ஆறு மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். இன்னாசி காதைச் சொறிந்துகொண்டு வள்ளத்தில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து அவர் திருந்திவிட்டார். ஒவ்வொரு முறையும் சோளப்பையோடு போனார், ஈரம் சொட்டும் அதே பையைக் கிழிசல் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்தார். மூலையில் அவள் தைத்த சிவப்பு நூல் அடையாளம்கூடப் பிரியவில்லை. "நல்லாத்தான் தாங்குது" என்பார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. கடற்கரை ஊர்களின் விதிவிலக்கைத் தொடரலாமா வேண்டாமா என்று விசாரணைக் குழு வந்தபோது, அவள்தான் எழுந்து நின்று பையைத் தூக்கிக் காட்டினாள். எங்க வீட்டுக்காரர் கொண்டு போகாத கடலா, இது கிழியவில்லை, கரையவில்லை என்றாள். விதிவிலக்கு போயிற்று. அதன்பிறகு எல்லா வள்ளத்து வயர்லெஸ் கருவியையும் கரையில் வைத்தே சோளப்பையில் சுற்றி முத்திரை ஒட்டிக் கொடுத்தார்கள்.

போன கார்த்திகையில் அடித்த புயலில் இன்னாசியின் வள்ளம் திரும்பவில்லை. கூடப் போனவன் அடுத்த வீட்டுப் பிரகாசியின் ஒரே மகன் ராயப்பன், கலியாணம் பேசி வைத்திருந்த பயல். அந்த வள்ளத்திலிருந்து ஒரு கூப்பாடுகூட வயர்லெஸ்ஸில் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இன்னாசிக்குக் கோயிலில் இறந்தவர்களுக்கான பூசை வைத்தார்கள். ராயப்பனுக்கு வைக்கப் பிரகாசி விடவில்லை. மகன் ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் இருக்கிறான் என்றாள். தினமும் மதியம் அவன் பங்குச் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைப்பாள், சாயங்காலம் அதையே தான் தின்பாள்.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடி, கல்லறைத் திருநாள் நெருங்கிய சமயத்தில்தான் தூத்துக்குடி பிளாஸ்டிக் ஆய்வகத்திலிருந்து சலேத்மேரிக்கு அழைப்பு வந்தது. மாலத்தீவுப் பக்கம் கடல் குப்பையைக் கூட்டி அள்ளும் கப்பலில் ஒரு கறுப்புக் கவர் ஏறியிருக்கிறது. முடிச்சில் இன்னாசியின் விரல் ரேகை. மீனவர்களின் ரேகையெல்லாம் அரசிடம் இருப்பதால் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சலேத்மேரி பஸ் ஏறியபோது, கூப்பிடாமலே பிரகாசியும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் தூக்குச்சட்டி.

ஆய்வகத்தில் இருந்தவள் நிலோபர் என்ற பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். காயல்பட்டினத்துக்காரி. இருவரையும் உட்காரவைத்து, கண்ணாடித் தட்டில் அதைக் கொண்டுவந்து வைத்தாள்.

கவர் இன்னும் உப்பியிருந்தது. மேலே இருந்த இரண்டு கவரும் சுருங்கி ஒட்டிப் போயிருந்தன, உள்ளே இருந்த மூன்றாவது மட்டும் பாதி ஊதிய பலூன் போல நின்றது. முடிச்சைப் பார்த்ததுமே சலேத்மேரிக்கு அடையாளம் தெரிந்தது. வலக்கையால் ஒரு சுற்று, இடக்கையால் இரண்டு சுற்று. செருப்பு வாரிலிருந்து சாமி கயிறு வரைக்கும் இன்னாசிக்குத் தெரிந்த முடிச்சு அது ஒன்றுதான்.

"இவிய கவர் வெச்சிருக்க மாட்டாவளே" என்றாள். அதுதான் முதலில் வாயில் வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அதுக்குத்தான் எங்ககிட்ட வந்திருக்கு, அம்மா. யாரு வித்தாங்கன்னு கண்டுபிடிக்கணும்" என்றாள் நிலோபர். சுவரோரம் இருந்த இயந்திரத்தைக் காட்டினாள். தையல் இயந்திரத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. "இதை நாங்க உரிப்பான்னு சொல்லுவோம். பிளாஸ்டிக் மக்காது, மக்காதுன்னு குறை சொல்றோம்ல? மக்காததுனால அது எதையும் மறக்கவும் செய்யாது. வெயில் பட்டா ஒரு மாதிரி சுருங்கும், உப்புத் தண்ணி பட்டா வேற மாதிரி. ஒரு கை இறுக்கிப் பிடிச்சா, யாரு கை, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு அப்படியே உள்ள தங்கிடும். மரத்தை அறுத்தா வளையம் தெரியுமே, அப்படி. இந்த மிஷின் கவரை ஏடு ஏடா உரிச்சு, அத்தனையும் படிச்சிடும்."

"படிச்ச பொறவு?" என்றாள் பிரகாசி.

"படிச்ச ஏடு பொடியாயிடும். ஒரு தடவைதான். உரிக்கணும்னா முதல்ல கவரைத் திறந்து தட்டையாக்கணும்."

சலேத்மேரி கவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள இருக்கது அவிய ஊதின காத்தா?"

நிலோபர் பொய் சொல்லத் தெரியாத பெண். "முழுசும்னு சொல்ல மாட்டேன், அம்மா. கொஞ்சம் கொஞ்சமா வெளிக்காத்து கலந்திருக்கும். மூணு கவர் போட்டதால அவரோடதும் இருக்கு." தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "காணாமப் போனவங்க பொருள்னா குடும்பத்துச் சம்மதம் வேணும். நீங்க வேண்டாம்னா கண்ணாடிப் பெட்டியில வெச்சு, முடிச்சு அவிழ்க்காம அப்படியே உங்ககிட்டயே தந்துடலாம். நினைவுப் பொருளுக்கு மட்டும் சட்டத்துல இடம் இருக்கு" என்றாள்.

"உள்ள வேற என்ன இருக்கு?" என்று கேட்டாள் சலேத்மேரி.

"மெல்லிசா ஏதோ மடிச்சு வெச்சிருக்கு. இரும்பு, கம்பி எதுவும் இல்ல. போன் இல்ல."

"கடுதாசியா இருக்கும்" என்றாள் பிரகாசி. மகன் படித்தவன், எழுதத் தெரிந்தவன் என்று சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். "தொறங்கம்மா."

"வேண்டாம்" என்றாள் சலேத்மேரி.

நிலோபர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே போய் யோசித்துவிட்டு வரச் சொன்னாள்.

வாசல் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே சாலையில் உப்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இருபது வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள். ஒருத்தி வீட்டுக் குழம்பு வாசனை வைத்தே உப்புக் குறைவா கூடவா என்று மற்றவள் சொல்லிவிடுவாள்.

"மைனி, எனக்குப் பொதைக்க ஒண்ணுமில்ல. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுத்திரி கொளுத்துவாவ. நான் எங்க கொளுத்த? கடத்தண்ணியிலயா? இப்பம் அவிய மூச்சே வந்திருக்கு. அதப் போயி..."

"என் மவனும் அதே வள்ளத்துலதான போனான்?"

"அது எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லுவியா?" பிரகாசியின் குரல் ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒனக்குக் காத்து போதும். எனக்கு ஆளு வேணும்ட்டி. இருந்தா இருக்கான்னு சொல்லட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். ஒரு வருசமா நான் உசுரோட இருக்கவனுக்கு ஆக்குதனா, செத்தவனுக்கு ஆக்குதனான்னு தெரியாம ஆக்கிட்டு இருக்கேன்."

சலேத்மேரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் பிரகாசியின் மடியிலிருந்த தூக்குச்சட்டி கண்ணில் பட்டது. சூடு ஆறாமல் இருக்கத் துண்டு சுற்றியிருந்தது. ராயப்பன் பங்கு. ஊரை விட்டு ஒரு நாள் வெளியே வந்தாலும் மகன் பங்கைப் போடாமல் இருக்க மனம் வரவில்லை, கையோடு எடுத்தே வந்துவிட்டாள்.

தன்னுடையது துக்கம், பிரகாசியுடையது அதற்கும் கீழே ஒரு குழி என்று சலேத்மேரிக்கு அந்த இடத்தில் புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க மைனி. தொறக்கச் சொல்லுவோம்."

நிலோபர் சின்னக் கத்தியோடு வந்தாள். சலேத்மேரி அவள் கையைப் பிடித்தாள். "முடிச்ச வெட்டாதீங்கம்மா. அது அவிய போட்டது. நான் தொறக்கேன்."

அதற்கு விதியில் இடமில்லை. நிலோபர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

சலேத்மேரி கவரை இரண்டு கையாலும் எடுத்து, முடிச்சுக்கு எதிர்ப்புற மூலையில் வாயை வைத்து, பால் பாக்கெட்டைக் கடிப்பதுபோல் பல்லால் கடித்தாள். காற்று வந்தது. பீடி வாசனையாவது வரும் என்று நினைத்தாள். வந்தது வெறும் ரப்பர் வாசனைதான். வெதுவெதுப்பாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது, அந்த ஏசிக் குளிருக்கு எதுவுமே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கவர் சுருங்கச் சுருங்கக் காற்றை வாய்க்குள் இழுத்தாள். இழுத்ததை உள்ளே பிடித்து வைத்துக்கொண்டாள். கண் பிதுங்கியது, காது அடைத்தது. பிரகாசி முதுகைத் தடவிக்கொடுத்து, "விடுட்டி, விட்டுரு" என்றாள். ஒரு மனுஷியால் எவ்வளவு நேரம் பிடித்து வைக்க முடியும்? விட்டுவிட்டாள். அதோடு இன்னாசி போய்விட்டார்.

நிலோபர் வந்து கவரை விரித்து, உள்ளே மடித்து வைத்திருந்ததை இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்தாள். கடிதம் இல்லை.

அது ஒரு சோளப்பை. நான்காக மடித்திருந்தது. மூலையில் சிவப்பு நூல்.

"இது ஏன் உள்ள இருக்கு?" என்று நிலோபர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "இதுக்குள்ளதானே மத்ததை வெக்கணும். இதை யாராவது நனையாம பாத்துக்குவாங்களா?"

சலேத்மேரி பையைத் தொட்டுப் பார்த்தாள். சுருக்கம் இல்லை. அன்று காலையில் அவள் கையால் நீவி மடித்துக் கொடுத்த மடிப்பு அப்படியே இருந்தது. கடல்காற்று ஒரு தரம்கூடப் படாத மடிப்பு. ஒவ்வொரு முறையும் கிழியாமல், கரையாமல் திரும்பி வந்த பைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். விசாரணைக் குழுவின் முன்னால் தூக்கிப் பிடித்த பையை நினைத்தாள். பிறகு, முத்திரை ஒட்டி, சோளப்பையில் சுற்றி வள்ளத்தில் ஏற்றிய அந்த வயர்லெஸ்ஸை நினைத்தாள். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

இயந்திரம் ஓட ஆரம்பித்தது. சத்தமே இல்லை. கறுப்பு ஏடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மறுபக்கம் கரித்தூளாக விழுந்தன. நிலோபர் திரையைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். விற்றவரின் கை ரேகை அழிந்துபோயிருந்தது. பல தடவை ஊதிக் கட்டிய கவர் இது. எப்போதும் ஒரே வாய், ஒரே கை. கடைசித் தடவை மட்டும் காற்றில் ஈரம் அதிகம், உப்பும் மழையும் தெறித்திருக்கிறது.

"புயல்லதான் ஊதியிருக்காரு" என்றாள். "போனை எடுத்துப் பேசிப் பாத்திருப்பாங்க, கிடைச்சிருக்காது. திரும்ப ஊதிக் கட்டியிருக்காரு. மிதக்கிறதுக்கு."

"ஒரு ஆளத் தாங்குமா அது?" என்றாள் பிரகாசி.

"ஆளைத் தாங்காது. தலையை மேல வெச்சுக்க உதவும்."

பிறகு நிலோபர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நாற்காலியைப் பிரகாசி பக்கம் நகர்த்தினாள்.

"சொல்லும்மா" என்றாள் பிரகாசி.

"இங்க ரெண்டு கை இருக்கு. ஒண்ணு இன்னாசி ஐயாவோடது. இன்னொண்ணு..."

"என் மவன்."

"ஆமாம்மா. அவர் கையிலதான் கவர் இருந்திருக்கு. ஐயா கை அதுக்கு மேல இருந்து அழுத்தியிருக்கு. ஒவ்வொரு விரலா மடக்கிப் பிடிக்க வெச்சிருக்காரு. அதுக்கப்புறம் ஐயா கை இல்ல."

"விட்டுட்டாவளா?" என்றாள் சலேத்மேரி.

"கொடுத்துட்டாரு."

சலேத்மேரி தட்டிலிருந்த பையைப் பார்த்தபடியே இருந்தாள். அந்த நேரத்தில்கூட அவர் இதை எடுத்து எறியவில்லை. வேண்டுமென்றே வைத்தாரா, மறந்துபோய் உள்ளேயே கிடந்ததா? இனி யாரைக் கேட்பது?

"எம் பய?" என்றாள் பிரகாசி.

"ராத்திரி பூரா பிடிச்சிருந்திருக்காரு. மறுநாள் வெயில் பட்டிருக்கு, அப்பவும் பிடிச்சிருந்தாரு. நல்ல இறுக்கமான பிடி."

"பொறவு கை குளுந்துட்டுதா?"

நிலோபர் ஆமாமென்று தலையை அசைத்தாள்.

"படக்குன்னா, மெள்ளயா?"

"மெதுவாம்மா. தூங்குற மாதிரி."

பிரகாசி தலையை ஆட்டிக்கொண்டாள், கடையில் ஒரு சாமானின் விலையைக் கேட்டுக்கொண்டவள் போல. அழவில்லை. துண்டை அவிழ்த்து, தூக்குச்சட்டி மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, திரும்பவும் கட்டிக்கொண்டாள்.

கவரில் மிச்சம் இருந்தது முடிச்சு மட்டும்தான். தட்டையாக இல்லாததால் உரிப்பானுக்குள் போகாது. "இதை எரிக்கிற கழிவுல போடணும்" என்று நிலோபர் மேஜைமேல் வைத்தாள். பிறகு கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனவள், வெகு நேரம் கை கழுவினாள். திரும்பி வந்தபோது மேஜைமேல் முடிச்சும் இல்லை, சோளப்பையும் இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

படியில் உட்கார்ந்து பிரகாசி தூக்குச்சட்டியைத் திறந்தாள். சோறும் ஊளிமீன் குழம்பும். ஒரு வருஷமாக அந்தச் சோற்றை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. "வா, சாப்பிடு" என்று மூடியில் பாதியைப் போட்டுச் சலேத்மேரியிடம் நீட்டினாள்.

சலேத்மேரி மூடியை வாங்கிக் கீழே வைத்தாள். "மைனி, நான் ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீங்க என்னய செருப்பால அடிச்சாலும் சரி. அந்தப் பை தாங்கல. ஒரு நாளும் தாங்கல. அவிய அத நனையாம கவருக்குள்ள வெச்சுக் கொண்டுவந்து என்னய ஏமாத்தியிருக்காவ. அத நம்பித்தான் நான் எந்திரிச்சுச் சொன்னேன். நான் சொன்னதுனாலதான் வயர்லெஸ்ஸையும் அதுல கெட்டுனாவ. வயர்லெஸ்ஸு நனஞ்சுதான் பேசல. ஒங்க மவனக் கொன்னது நாந்தான்."

பிரகாசி கையிலிருந்த கவளத்தைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும்ட்டி."

"என்னது?"

"பை தாங்காதுன்னு. ஊருக்கே தெரியும். ஒனக்கு மட்டுந்தான் தெரியாது. அம்புட்டுக் கவரும் வள்ளத்துலதான கெடந்துச்சு, அங்கதான நீ ஏற மாட்ட?" அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "எம் பய வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். 'யம்மா, மாமா கர தெரிஞ்சதும் அந்தப் பைய வெளிய எடுத்து ரெண்டு கை கடத்தண்ணி தெளிப்பாவ. சலேத்து அத்த சந்தோசப்படட்டும்லேன்னு சொல்லுவாவ'ன்னு."

சலேத்மேரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ விசாரணையில பைய தூக்கிக் காட்டுனப்போ நான் ஒனக்குப் பின்னாலதான் உக்காந்திருந்தேன். என்னச் சுத்தி இருந்த பொம்பளைய எல்லாத்துக்கும் தெரியும். ஒருத்தியும் வாயத் தொறக்கல. ஊரு முன்னால நீ அம்புட்டு சந்தோசமா நிக்க. ஒன் முகத்தக் கெடுக்க எனக்கு மனசு வரல. எப்புடியும் நம்ம ஆளுவ ஒளிச்சுக் கவர் கொண்டு போவாவ, என்ன ஆயிரப் போவுதுன்னு நெனச்சேன். வயர்லெஸ்ஸ கரையிலயே முத்திர போட்டுக் குடுப்பாவன்னு நான் கண்டனா? அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

அந்த ஒரு வருஷத்து அழுகையையும் அவள் அங்கே அழுதாள். உப்பு லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அழுது முடித்து, இரண்டு பேரும் ராயப்பன் பங்குச் சோற்றைத் தின்றார்கள். ஆறிப்போன சோறு. குழம்பில் உப்புக் குறைவு என்று சலேத்மேரி சொல்லவில்லை.

மறுநாள் சலேத்மேரி இடுப்பில் ஒரு குடம் கடல்தண்ணீரோடு மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி மேஜை முன்னால் குடத்தை இறக்கி, சிவப்பு நூல் தைத்த அந்தப் பையை அதற்குள் முக்கினாள். அவர் தேநீர் குடித்து முடிக்கும்போது பை நனைந்த அப்பளம் போல நொய்ந்து, தூக்கினால் நூல் மட்டும் கையோடு வந்தது. தான் சொன்னது பொய்ச்சாட்சி என்றாள், தெரியாமல் சொன்னாலும் பொய் பொய்தான் என்றாள். வயர்லெஸ்ஸுக்குத் தகரப்பெட்டியோ கண்ணாடிப்பெட்டியோ நீங்களே கொடுங்கள், கொடுக்கும்வரை கவரைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். விதி மாறக் கொஞ்சம் நாள் ஆகும் என்றார் அவர். "வாடக்காத்து உங்க நாளப் பாத்துக்கிட்டு நிக்காது, சார்" என்று சொல்லிவிட்டு, குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

தெருவுக்கு அவள் இப்போதும் கம்போடு போகிறாள். கடையில் கவர் இருந்தால் இப்போதும் பிடிக்கிறாள், சாளை செத்தது பொய்யில்லையே. மணலில் நின்று வள்ளங்களைப் பார்க்கும்போது மட்டும் ஒன்றும் கேட்பதில்லை.

கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்தில் கூட்டம். எல்லாக் கல்லறையிலும் மாலை, மெழுகுத்திரி, ஊதுபத்தி. சுவரோரம் வெறும் மணலாகக் கிடந்த ஓரிடத்தில் சலேத்மேரியும் பிரகாசியும் குந்தியிருந்தார்கள். கையால் குழி பறித்து, அந்த முடிச்சை வைத்து மூடி, மேலே ஒரு சின்னச் சிலுவை நட்டிருந்தார்கள். அந்த முடிச்சைப் போட்டது இன்னாசியின் விரல், அதைப் பிடித்துக் கிடந்தது ராயப்பனின் விரல். பிரகாசி முதன்முதலாக மகனுக்கு மெழுகுத்திரி கொளுத்தினாள். காற்றுக்கு அணைந்தது, திரும்பக் கொளுத்தினாள்.

பிளாஸ்டிக் பூமாலைகளைத் தேடிக் குழுவைச் சேர்ந்த ஜெசிந்தா கம்போடு வரிசையாக வந்துகொண்டிருந்தாள். திருநாள்தோறும் அந்த வேலையைச் செய்யவேண்டும் என்று ஏற்படுத்தியவளே சலேத்மேரிதான். சுவரோரம் வந்ததும் கம்பு கீச்சென்று கத்தியது. சுற்றிலும் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெசிந்தா நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். சரியாக அந்தச் சிலுவைக்குக் கீழேதான்.

"எக்கா" என்றாள் தயங்கி. "இதுக்குள்ள என்னமோ இருக்குக்கா."

சலேத்மேரி நிமிர்ந்து பார்த்தாள். கம்பு இன்னும் கத்திக்கொண்டிருந்தது. இன்னும் நூறு வருஷம் கழித்து யார் வந்து நீட்டினாலும் அது இங்கே கத்தும்.

"ஆமாட்டி" என்றாள். "இருக்காவ."

பிரகாசி அடுத்த திரியைக் கொளுத்தி, அணையாமல் இருக்கக் கையால் மறைத்துக்கொண்டாள்.